‘இல்லையே?’ என்று முடியும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒன்பது வருஷம் ஊசி போட்டவள் நான். குழந்தைகள், கிழவர்கள், கை வீங்கிய சர்க்கரை நோயாளிகள் என்று யாராக இருந்தாலும் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்றால் வார்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாயை நரம்பு என்றுதானே சொல்வோம். லண்டனில் ஒரு பாலியல் நல கிளினிக்கில் வேலை கிடைத்தபோது, புதிதாகக் கற்க எவ்வளவோ இருக்கும், ஆனால் இரத்தம் எடுப்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரமே அந்த நினைப்பு உடைந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சட்டைக் கையை மடித்து இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் வைத்தார். மடிப்பில் இருக்க வேண்டிய நீலக்கோடு இல்லை. அங்கே விரல் வைத்தால் சணல் கயிறு தட்டுப்பட்டது. பட்டையை இறுக்கினேன், கையை உள்ளங்கையால் தேய்த்தேன், ஒரு முறை குத்தினேன், இரண்டாம் முறையும் குத்தினேன். ஒரு சொட்டு வரவில்லை. என் நெற்றி வியர்த்தது. அவர்தான் பொறுமையாகச் சொன்னார்: “அங்கே இல்லை. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் பக்கம். அது ஒன்றுதான் இன்னும் உயிரோடு இருக்கிறது.”

எனக்குப் பின்னால் நின்ற என் ஆசிரியை வாய் திறக்கவில்லை. நோயாளி போன பிறகு என் கைகளைக் காட்டச் சொன்னார். நான் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி உறை போட்டிருந்தேன். “ஏன் இரண்டு?” என்றார். பதில் எனக்குத் தெரியும், சொல்ல வெட்கமாக இருந்தது. “இரண்டு உறைக்குள் விரல் குருடாகிவிடும்” என்று மட்டும் சொன்னார். அன்று மாலை, அவருடைய முழங்கையிலேயே, கண்ணை மூடிக்கொண்டு வெறும் விரலால் நரம்பைத் தேடப் பழக்கினார். நல்ல நரம்பு அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழும்பும். இட்லி வெந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதுபோல. தழும்பேறியது எழும்பாது. தசைநார் அசையாது. தமனி தானாகத் துடிக்கும். இந்த நான்கையும் பார்க்காமல் பிரித்தறிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஒன்பது வருஷமாக நான் கண்ணால்தான் நரம்பு பிடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆசிரியையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அயர்லாந்தின் மேற்குக் கரைக்காரர். 1980களில் தாதி படிக்க லண்டன் வந்தவர். எய்ட்ஸ் நோயாளிகளின் அறைக்குள் போகாமல் சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டு ஓடிய காலத்தைக் கண்ணால் பார்த்தவர். 1987 ஏப்ரலில் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸுக்கென்று தனி வார்டு திறந்தபோது இளவரசி டயானா உறை போடாத கையால் ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். அந்தப் படம் வந்த செய்தித்தாளை எங்கள் இரண்டாம் வருஷ மாணவிகள் விடுதியில் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம் என்பார். என் இரண்டு ஜோடி உறை அவருக்கு என்னவாகப் பட்டிருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. நான் ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டால் கோபம் வரும். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அதுவும் நாலைந்து மாதம் கழித்துத்தான் எனக்கு வந்தது.

அவர் எனக்குக் கற்றுத்தர வந்தது இரத்தம் எடுப்பதை அல்ல. ஆலோசகர் வேலையை. கெம்செக்ஸ் என்று சொல்லப்படும் பழக்கத்தோடு வருகிற ஆண்களிடம் பேசுவதை, சரியாகச் சொன்னால் பேசாமல் இருப்பதை.

அந்தச் சொல்லை விளக்க வேண்டும். தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் கொண்ட ஆண்களில் சிலர், உடலுறவுக்காகவே, உடலுறவை நீட்டிக்கவும் கூச்சத்தைத் தொலைக்கவும் சில குறிப்பிட்ட போதைப்பொருள்களை எடுக்கிறார்கள். கிரிஸ்டல் மெத்துக்கு டீனா என்பது பெயர். மெஃபிட்ரோனுக்கு மெஃப். ஜி.எச்.பி., ஜி.பி.எல். இரண்டுக்கும் ஒரே பெயர், ஜி. ஊசியில் ஏற்றிக்கொள்வது ஸ்லாமிங். கூடும் இடம் யாராவது ஒருவருடைய வீடு. அதைச் சில்-அவுட் என்பார்கள். வெள்ளி இரவு போனவர் ஞாயிறு மாலை வரை தூங்காமல், சாப்பிடாமல் இருப்பதுண்டு. கெம்செக்ஸ் என்ற சொல்லையே உருவாக்கியவர் என்று பரவலாகச் சொல்லப்படுபவர் டேவிட் ஸ்டூவர்ட். தானே அந்த வழியில் விழுந்து எழுந்தவர். சோஹோவில் 56 டீன் ஸ்ட்ரீட் கிளினிக்கில் வேலை செய்தார், 2022 ஜனவரியில் இறந்துபோனார். தெற்கு லண்டனின் லாம்பெத், சதக், லூயிஷம் பகுதிகளில் முப்பது ஆண்களை உட்காரவைத்து விரிவாகப் பேசி எழுதிய ஆய்வு 2014இல் வந்தது. ஆசிரியை எனக்குக் கொடுத்த முதல் பாடப்புத்தகம் அதுதான். “எண்களைப் படிக்காதே. அவர்கள் பேசுகிற விதத்தைப் படி” என்றார்.

தன்பாலீர்ப்பு கொண்ட எல்லா ஆண்களும் இப்படி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இவர்கள் ஒரு சிறுபகுதி. எங்களிடம் வருகிறவர்களிலும் பலர் மாதத்தில் ஒரு நாள் போய்விட்டு, மறுநாள் வேலைக்குப் போய், எந்தச் சிக்கலும் இல்லாமல் இருப்பவர்கள். இதுவும் ஆசிரியை சொல்லித் தெரிந்ததுதான். நான் எல்லோரையும் காப்பாற்றக் கிளம்பியிருந்தேன்.

(என் வீட்டுக்காரரிடம் ‘தொற்றுநோய்ப் பிரிவில் வேலை’ என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லை. ஊரிலிருந்து போன் பண்ணுகிற மாமியாருக்கும் அதுவே.)

திங்கட்கிழமை காலைதான் கூட்டம். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று பயந்து வருகிறவர்கள் அந்த வார இறுதியின் முதல் உடலுறவிலிருந்து மணிக்கணக்கு எண்ணிக்கொண்டு வருவார்கள். பெப் என்கிற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த அவசரத்தில், கண்ணெல்லாம் சிவந்து, உதடு வெடித்து உட்கார்ந்திருப்பவரிடம் என் வாழ்க்கையின் முதல் ஆலோசனைக் கேள்வியைக் கேட்டேன். அன்று நான் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “ஊசியை யாரோடும் பகிர்ந்துகொள்ளவில்லையே?”

“இல்லை” என்றார்.

கதவு மூடியதும் ஆசிரியை கேட்டார்: “நீ கேட்டது கேள்வியா?” எனக்கு விளங்கவில்லை. “பதிலை நீயே அவர் வாயில் ஊட்டிவிட்டாய். அவர் விழுங்கினார்.” பிறகு பலகையில் எழுதிக் காட்டினார். ‘ஊசி எங்கிருந்து வந்தது? யார் ஏற்றிவிட்டார்கள்? மருந்தை எதில் கலக்கினீர்கள்? எத்தனை பேர் அதே தண்ணீரை எடுத்தீர்கள்?’ ஹெபடைட்டிஸ் சி ஊசியில் மட்டுமல்ல, கலக்கிய கரண்டியிலும் தண்ணீரிலும் இருக்கும். மூக்கில் உறிஞ்சும் குழாயிலும் இருக்கும். இப்போது மாத்திரையால் இரண்டு மூன்று மாதத்தில் குணமாக்கிவிடலாம், ஆனால் மறுபடியும் தொற்றும். ‘இல்லையே’ என்று கேட்டால் இந்தத் தகவலில் ஒன்றுகூட வெளியே வராது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஏகாரத்தில் முடிகிற கேள்வி நம் மொழியில் எவ்வளவு சகஜம். ‘சாப்பிட்டாயிற்றுதானே?’ ‘அழவில்லையே?’ ‘பையன் அப்படியெல்லாம் இல்லையே?’ எதிராளியின் மானத்தைக் காப்பாற்ற நாம் கண்டுபிடித்த இலக்கணம் அது. நான் ஆங்கிலத்தைப் பேசிக்கொண்டிருந்தேனே தவிர, கேள்வி கேட்டது நாகர்கோவில்தான்.

முகத்தைக் கற்பது இன்னும் கடினமாக இருந்தது. ஆசிரியை ஒரு சிறிய கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு நோயாளியாக நடிப்பார். ஒரே இரவில் எத்தனை பேர், எந்த வழியில், என்னென்ன என்று கூசாமல் சொல்லிக்கொண்டே போவார். நான் என் புருவத்தைப் பார்க்க வேண்டும். புருவம் ஏறினால் முதலிலிருந்து. ஒரு மாலையில் பதினேழு முறை முதலிலிருந்து ஆரம்பித்தோம். பதினெட்டாவது முறை புருவம் ஏறவில்லை, ஆனால் கல்லாகிவிட்டது. “இது இன்னும் மோசம். இப்போது நீ போலீஸ்காரி” என்றார். அன்று பேருந்தில் அழுதுகொண்டே வீடு போனேன்.

அடுத்த தவறைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. வேலையில் சேர்ந்து ஏழாவது மாதம். ஆசிரியை பக்கத்து அறையில் இருந்தார், நான் தனியாகப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, அலுவலகப் பை. பைக்குள் கண்மருந்து சீசா அளவில் ஒரு பாட்டில். அதில் இருந்தது ஜி.பி.எல். பெயிண்டு உரிக்கவும் துப்புரவுக்கும் தொழிற்சாலைகளில் பயன்படும் திரவம் அது. உடம்புக்குள் போனதும் ஜி.எச்.பி.யாக மாறிவிடும். சனி ஞாயிறு பார்ட்டியில் தொடங்கியது, பிறகு தூக்கத்துக்காக எடுத்தது, இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றார். இரவில் அலாரம் வைத்து எழுந்து எடுக்கிறாராம். “போதும். இன்றைக்கு ராத்திரி எல்லாவற்றையும் சிங்க்கில் கொட்டிவிடப் போகிறேன்” என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு மாதத்தில் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து விட்டுவிடுகிறேன் என்று சொல்வது அதுதான் முதல்முறை. ஊக்கப்படுத்தும் சொற்கள் எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினேன். ‘இன்றே செய்யுங்கள், நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்’ என்றேன். கைகுலுக்கி வழியனுப்பினேன். குறிப்பேட்டில் ‘மிக நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினேன். அந்த எழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது.

பத்து நிமிஷம் கழித்துக் குறிப்பைப் படித்த ஆசிரியை, “அவர் எங்கே?” என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயசுக்காரர் மேல்கோட்டுகூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். நான் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. கடைசியில் பேருந்து நிறுத்தத்தில் நின்றவரை அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

ஜி.யைக் கடிகாரம் போல் எடுப்பவரின் மூளை, அது தரும் தடையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் போகிற வண்டியின் பிரேக்கைச் சட்டென்று பிடுங்கியது போலத்தான் திடீரென நிறுத்துவது. சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை. அதன்பின் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். குடிப்பழக்கத்தை நிறுத்துவதைவிட வேகமாக வரும். மருத்துவர் கண்காணிப்பில், டயஸிபம் போன்ற மருந்துகளின் துணையோடு, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அன்று இரவே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நிறுத்தத் தொடங்கி ஆறாவது மணி நேரத்தில், மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொன்னாராம். வீட்டில் தனியாக இருந்திருந்தால்?

ஆசிரியை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஒரு தாளைக் கொடுத்து, ஜி. எடுப்பவர் யார் வந்தாலும் கேட்க வேண்டியதை என் கையாலேயே எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு ஒருமுறை? இரவில் எழுந்து எடுப்பதுண்டா? கடைசியாக எப்போது? முன்பு நிறுத்திப் பார்த்தபோது உடம்பு என்ன செய்தது? “உனக்கு அவர்மேல் அக்கறை இருந்தது. அது போதும் என்று நினைத்தாய்” என்றார். அந்தத் தாள் இப்போதும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து. அந்த நோயாளியைப் பிறகு ஒருமுறை நடைபாதையில் பார்த்தேன். தலையசைத்தார். என்னால் அதுகூட முடியவில்லை.

அதற்குப் பிறகு ஜி. பற்றி எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வேண்டிய அளவுக்கும் மயங்கிச் சாயும் அளவுக்கும் நடுவே ஒரு மில்லிலிட்டர்கூட இல்லை. மதுவோடு சேர்ந்தால் மூச்சு நின்றுவிடும். 2014, 2015இல் கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் நான்கு இளைஞர்களை அதைக் கொடுத்தே ஸ்டீபன் போர்ட் என்பவன் கொன்றான். சாகும்வரை சிறை என்று 2016இல் தீர்ப்பானது. காவல்துறை முதலில் அவற்றைக் கொலை என்றே பார்க்கவில்லை. 2022 ஏப்ரலில் சட்டத்தில் அந்தத் திரவத்தின் வகுப்பை உயர்த்தி, தண்டனையைக் கடுமையாக்கினார்கள். எங்கள் அறைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வது எளிய விஷயம்: எடுத்த நேரத்தை எழுதிவையுங்கள், மயங்கியவரைத் தூங்கட்டும் என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், பக்கத்திலேயே இருங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பயப்படாதீர்கள். மயங்கியவர் சம்மதம் சொல்ல முடியாது என்பதையும் சொல்வோம். தங்களுக்கு அப்படி நடந்ததைப் பற்றி, நாங்கள் இதைச் சொன்ன பிறகே ‘அதற்குப் பெயர் அதுதானா’ என்று கேட்டவர்கள் உண்டு.

பேசாமல் இருக்கும் வித்தைக்கு வருகிறேன். அமெரிக்கரான வில்லியம் மில்லரும் கார்டிஃப்பில் வேலை செய்த ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்து 1991இல் புத்தகமாக எழுதிய முறை அது. ஆளை மாற்ற முயலாதே, மாற வேண்டும் என்று அவருக்குள்ளேயே இருக்கிற பாதியைப் பேசவிடு என்பது அதன் சாரம். கோணலாக எதைக் கண்டாலும் நிமிர்த்தத் துடிக்கும் கை எல்லோருக்கும் இருக்கிறது. அதைத்தான் முதலில் கட்டிப்போட வேண்டும் என்கிறார்கள். நர்ஸாகவும் அம்மாவாகவும் மூத்த மகளாகவும் வளர்ந்தவளுக்கு அந்தக் கையைத் தவிர வேறு கை கிடையாது.

ஆசிரியை ஒரு வேலை செய்தார். பயிற்சி உரையாடலின்போது என் வலது பாக்கெட்டில் இருபது காகிதக் கிளிப்புகளைப் போட்டார். நான் ஒரு கேள்வி கேட்டால் ஒரு கிளிப் இடது பாக்கெட்டுக்குப் போக வேண்டும். அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னால் இரண்டு கிளிப்பை வலப்பக்கம் கொண்டுவரலாம். முதல் நாள் எட்டு நிமிஷத்தில் வலது பாக்கெட் காலி. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், சந்தையில் விலை கேட்பதுபோல. சில வாரத்தில் இடது தொடைமேல் உறுத்தும் கம்பியின் கனம் எனக்கு அடையாளமாயிற்று. கனம் கூடினால் வாயை மூடு.

ஆனால் ‘திருப்பிச் சொல்வது’ எனக்குப் பிடிபடவே இல்லை. “எனக்குக் களைப்பாக இருக்கிறது” என்பார் நோயாளி வேடத்தில் ஆசிரியை. “உங்களுக்குக் களைப்பாக இருக்கிறது” என்பேன். “கிளி” என்பார். நாள் முழுக்கக் கிளி, கிளி, கிளி. கடைசியில் எனக்கு அது புரிந்தது எங்கள் ஊர் வழியாகத்தான். பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் குழம்பு வந்தால், அம்மா அதைக் கழுவி வெறுமனே திருப்ப மாட்டாள். ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு முருங்கைக்காயாவது அதில் இருக்கும். அவர்கள் பாத்திரம்தான், ஆனால் நாம் வாங்கிக்கொண்டோம் என்பதற்கு ஓர் அடையாளம் உள்ளே இருக்க வேண்டும். நிறைய வைத்தாலும் தப்பு. கடனைத் தீர்த்த மாதிரி ஆகிவிடும். மறுநாள், “எனக்குக் களைப்பாக இருக்கிறது” என்று அவர் சொன்னபோது, “திங்கட்கிழமை மனுஷராக நடிப்பதே ஒரு வேலையாகிவிட்டது” என்றேன். ஆசிரியை நடிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “ஆமாம்” என்றார், தன் சொந்தக் குரலில். பாத்திரக் கதையை அவரிடம் சொன்னேன். அவருடைய ஊரிலும் அந்த வழக்கம் உண்டாம், அங்கே முட்டை வைப்பார்களாம்.

இன்னொன்றும் அப்போதுதான் பழகியது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை, குறைத்துக்கொள்வது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்போம். ‘நாலு’ என்பார். ஏன் எட்டு இல்லை என்று கேட்கத்தான் நாக்கு துடிக்கும். அப்படிக் கேட்டால் தன் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குவார். ‘ஏன் இரண்டு இல்லை?’ என்று கேட்க வேண்டும். அவர் கொஞ்சம் திகைப்பார். பிறகு, நாலு எதற்கென்று அவரே சொல்லத் தொடங்குவார்: அம்மாவின் பிறந்தநாளை மறந்தது, வேலையில் மூன்றாவது எச்சரிக்கை, போதையில்லாமல் ஒருவரைத் தொட்டு நாலு வருஷம் ஆகிவிட்டது என்பது.

அந்தக் கடைசி விஷயத்தைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். போதை என்ன எடுத்துக்கொண்டது என்று கேட்குமுன் என்ன கொடுத்தது என்று கேள் என்பார் ஆசிரியை. கேட்டால் சொல்வார்கள். பள்ளியில் தன்பாலீர்ப்பைப் பற்றி ஆசிரியர்கள் பேசவே பயந்த காலத்தில் படித்தவர்கள். தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’ உள்ளாட்சிகளுக்குத் தடை விதித்த 28ஆம் பிரிவு 1988இல் வந்து, இங்கிலாந்தில் 2003இல்தான் போனது. நண்பர்களை வரிசையாகப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். உடம்பு பிடிக்காதவர்கள், தங்களுக்கு எச்.ஐ.வி. என்று சொன்னதும் எதிராளி எழுந்து போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். டீனா எடுத்தால் மனதுக்குள் கேட்கும் அந்தக் குரல்களெல்லாம் அடங்கிவிடும். வேறெதுவும் அப்படி அடக்கியதில்லை என்பார்கள். இதைக் கேட்டபின் ‘விட்டுவிடுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முறை கற்றதால் வந்த அடக்கமா, வேறு வழி தெரியாத மௌனமா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம்தான் அவன் வந்தான். இங்கே எழுதும் யாருடைய அடையாளமும் உண்மையில் உள்ளபடி இல்லை. மாற்றியிருக்கிறேன், சிலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். அவனைப் பொறுத்தவரை இன்னும் அதிகம் மாற்றியிருக்கிறேன். இருபத்தாறு வயது. சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவன். என் பெயர்ப்பட்டையைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“நீங்கள் தமிழ். வேற ஆரும் இல்லையே?”

ஏகாரம். அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ தளர்ந்தது. வேறு ஆளை இப்போதே கூப்பிடுகிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை என்றேன். உட்காராமல் நின்றான். கிளினிக் கோப்பு குடும்ப மருத்துவருக்குத் தானாகப் போகாது என்று சொன்னேன். வெளியே, கோயிலிலோ கடையிலோ கண்டால் நான் தெரியாதவள்போலப் போய்விடுவேன், அவனாகப் பேசினால்தான் பேசுவேன் என்றும் சொன்னேன். “ஈஸ்ட் ஹாம் கோயிலுக்கு வாறனீங்களோ?” என்றான். “திருவிழாவுக்கு மட்டும்” என்றேன். உட்கார்ந்தான்.

தமிழில் பேசலாமா என்று கேட்டது நான் செய்த தவறு. அவன் சரி என்றான். ஐந்தாவது நிமிஷம் எனக்குச் சொல் தீர்ந்துபோனது. இரண்டு வருஷமாக ஆங்கிலத்தில் கூச்சமில்லாமல் கேட்டுவந்த ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்னிடம் இருந்தவை இரண்டே வகைச் சொற்கள்: ஒன்று பாடப்புத்தகத்தில் இருப்பது, இன்னொன்று தெருவில் திட்டுவது. ‘ஆசனவாய்’ என்று சொன்னேன். அவன் சிரித்தான், நானும் சிரித்துவிட்டேன், அந்தச் சிரிப்பில் அவன் முகம் மூடிக்கொண்டது. இரத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போனான். அவன் திரும்ப வரமாட்டான் என்று ஆசிரியையிடம் சொன்னேன். “சொல் இல்லாவிட்டால் அவனிடமே கேட்டிருக்கலாமே” என்றார்.

ஆறு வாரம் கழித்து வந்தான். இந்த முறை நான் கேட்டேன்: “இதையெல்லாம் நீ என்ன பேர் சொல்லுவே? நான் அதையே சொல்றேன்.” யோசித்தான். உடலுறவுக்கு ஆங்கிலச் சொல்லே போதும் என்றான். பார்ட்டிக்கு “அங்க போறது”. ஊசிக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. கையை நீட்டி முழங்கை மடிப்பைத் தொட்டுக் காட்டினான். நானும் அதற்குப் பெயர் சொல்லவில்லை. தேவைப்பட்டபோது என் முழங்கையை நான் தொட்டுக்கொண்டேன்.

“அங்க போனா ஒருத்தரும் என்னை எங்கத்தையான் எண்டு கேக்கிறேல்லை அக்கா” என்றான் ஒரு நாள். செயலியில் அவன் நிறத்தைப் பார்த்ததும் பதில் அனுப்பாமல் விடுவார்களாம். சிலர் தங்கள் பக்கத்திலேயே ஆசியர் வேண்டாம் என்று எழுதிவைத்திருப்பார்களாம். வீட்டில் கல்யாணப் பேச்சு. இந்தியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கிய செய்தி வந்த அன்று, அவன் பெரியப்பா தொலைக்காட்சியை அணைத்தாராம். இலங்கையில் வெள்ளைக்காரன் காலத்து 365ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. ‘லண்டனில் அது இல்லைதானே’ என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. இடது தொடையில் கிளிப் எதுவும் இல்லை, ஆனாலும் கனத்தது. நான் சொன்னது இதுதான்: “அங்கே யாரும் கேட்கிறதில்லே. மத்த எல்லா இடத்திலேயும் நீ பதில் சொல்லிக்கிட்டே இருக்கே.”

அவன் அழுதான். நான் பேப்பர் துண்டை நீட்டவில்லை. கண்ணைத் துடை என்று சொல்வதாகிவிடும் என்பது ஆசிரியையின் பாடம். பெட்டியை அவன் கைக்கெட்டும் தூரத்தில் தள்ளிவைத்தேன்.

சென்ற வசந்தத்தில் ஆசிரியை ஓய்வுபெற்றார். நரம்பு பிடிப்பதற்கும் ஆளைக் கேட்பதற்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றிப் பிரிவுபசார விழாவில் பேசலாம் என்று தயாரித்துப் போனேன். தாளை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, “அழகாக இருக்கிறது. பேசாதே” என்றார். அவ்வளவுதான், கேக் வெட்டினோம்.

போன மாதம் அவன் மூன்று மாதப் பரிசோதனைக்கு வந்தான். எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையை ஒழுங்காக எடுக்கிறான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

“போன சனி அங்க போனனான் அக்கா.”

நான் காத்திருந்தேன். சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்டது.

“ஞாயிறு விடியவே வந்திட்டன். அம்மா இடியப்பம் அவிச்சவா. இருந்து சாப்பிட்டன்.”

“எத்தனை?” என்று கேட்டுவிட்டேன். ஆசிரியை இருந்திருந்தால் ஒரு கிளிப் போயிருக்கும்.

“எண்ணேல்லை அக்கா” என்று சிரித்தபடி சட்டைக் கையை மடித்தான். கண்ணை மூடிக்கொண்டு மணிக்கட்டுக்கு மேலே விரல் வைத்தேன். அமுக்கி விட்டேன், எழும்பியது.